தறிக்குழிக்கு மேல் தொங்கும் அம்மாவின் புடவைகள்

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 38 வயது. ஒரு ஷூ கம்பெனி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். அப்பா லுங்கி நெய்தவர். அம்மா தறி நாடாவுக்குத் தார் (நூல் சுருள்) சுற்றிக் கொடுத்தவர். சின்ன வயதிலிருந்தே இவருக்கு இரைச்சல் ஆகாது. பக்கத்து வீட்டு விசைத்தறி ஓட ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொண்டு ஆயா வீட்டுக்கு ஓடுவாராம். யாராவது அழுதால் இவரும் அழுவார், யாராவது குரலை உயர்த்தினால் அன்றைக்குச் சோறு இறங்காது. 'தொட்டாச்சிணுங்கி' என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். அப்பா முன்பே காலமானார். இரண்டு வருடத்துக்கு முன் அம்மாவும் போய்விட்டார். அதன் பிறகு தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போக, மனநல மருத்துவர் கொடுத்த மனச்சோர்வு மாத்திரையை எடுத்து வருகிறார்.

பூட்டிக் கிடந்த தறி வீட்டை ஒருநாள் சுத்தம் செய்யப் போனவர், அம்மாவின் புடவைகளைத் தறிக்குழிக்கு மேலே விட்டத்திலிருந்து தொங்கவிட்டிருக்கிறார். அப்புறம் மிச்ச நூலையெல்லாம் முடிச்சுப் போட்டு, புடவைகளுக்கு இடையே வலை போலக் கட்டத் தொடங்கினார். அம்மா எப்போதோ சொன்ன சொற்களைச் சிவப்பு நூலால் அந்தப் புடவைகளில் தைத்தார். அப்பா குடித்துவிட்டு அடித்த இரவுகளும் அந்தச் சொற்களில் வருகின்றன. இப்போது அந்த அறை முழுவதும் ஒரே படைப்பு. உள்ளே நடந்து போய்த்தான் பார்க்க முடியும். பார்த்த ஓர் ஓவிய ஆசிரியர், சித்திரை விடுமுறையில் வேலூரில் ஒரு வாரம் காட்சிக்கு வைக்கலாம் என்று அழைத்திருக்கிறார்.

கணவர் "இது என்ன பைத்தியக்கார வேலை" என்கிறார். மாமியார் குறி கேட்கச் சொல்கிறார். அண்ணனோ, "அம்மா புடவையை ஊர் பார்க்கத் தொங்கவிடுவியா? அப்பா பேரைக் கெடுக்கவா?" என்று பேச்சையே நிறுத்திவிட்டார். இதற்கு நடுவே வாசகி இணையத்தில் 'உயர் உணர்திறன்' (எதையும் மற்றவர்களைவிட நுட்பமாக உணரும் சுபாவம்) பற்றிப் படித்து, அங்கே இருந்த வினாப்பட்டியலை நிரப்பி, தன் வாழ்க்கை முழுவதற்கும் விளக்கம் கிடைத்துவிட்டதாக நினைக்கிறார். "இது நோயா? நூல் என்னை மாற்றிவிட்டது, இனி மாத்திரை வேண்டாம்தானே? வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதையே செய்யட்டுமா? மகளுக்குத்தானே அம்மாவின் புடவை, அண்ணன் எப்படித் தடுக்கலாம்?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நூலைப் பற்றி எழுதிய பக்கங்களில் நீங்கள் மிகத் திடமாக இருக்கிறீர்கள். எந்த முடிச்சு தாங்கும், எந்தப் புடவை காலை வெயிலில் என்ன நிறம் காட்டும், எங்கே ஆள் குனிந்து போக வேண்டும் என்று தயக்கமே இல்லாமல் சொல்கிறீர்கள். உங்களைப் பற்றி எழுதும் பக்கங்களில் மட்டும் வரிக்கு வரி மன்னிப்புக் கேட்கிறீர்கள். யாரிடமும் நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நோயா, சுபாவமா?

உயர் உணர்திறன் நோய் அல்ல. அமெரிக்க உளவியலாளர் எலைன் ஏரன் 1990களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். 1997-ல் கணவர் ஆர்தர் ஏரனோடு சேர்ந்து வெளியிட்ட ஆய்வில் 27 கேள்விகள் கொண்ட அளவுகோல் ஒன்றையும் தந்தார். நீங்கள் நிரப்பியது அதன் ஏதோ ஒரு வடிவமாக இருக்கலாம். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்தச் சுபாவம் இருக்கும் என்பது அவருடைய கணிப்பு. மனநோய்களை வகைப்படுத்தும் கையேடுகளில் இதற்கு இடமில்லை. சிலர் உயரமாகப் பிறப்பது போல, சிலர் நுட்பமாக உணரும் நரம்போடு பிறக்கிறார்கள். அவ்வளவுதான். இந்தச் சுபாவத்துக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. இங்கிலாந்தில் 11 வயது மாணவிகளுக்கு மனச்சோர்வு வராமல் தடுக்கப் பள்ளியிலேயே பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வில், உணர்திறன் அதிகமாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் பயிற்சி பலன் தந்தது. கெட்ட சூழல் இவர்களை அதிகம் வாட்டும், நல்ல சூழல் அதே அளவுக்கு இவர்களைத் தூக்கியும் விடும்.

ஆனால், அந்த வினாப்பட்டியல் உங்கள் வாழ்க்கையில் நடந்த எல்லாவற்றையும் விளக்கிவிடாது. பதற்ற நோய் இருப்பவரும், துக்கத்தில் இருப்பவரும், வாரக்கணக்கில் தூங்காதவரும் அதில் உயர்ந்த மதிப்பெண் எடுக்கக்கூடும். நீங்கள் அதை நிரப்பிய நேரத்தில் துக்கமும் தூக்கக்கேடும் உங்களுக்கு இருந்தன.

இன்னொன்றையும் கவனியுங்கள். விசைத்தறிச் சத்தம் தாங்காததை உங்கள் குறையாகவே கடிதம் முழுவதும் சொல்கிறீர்கள். 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தை தினமும் மணிக்கணக்கில் கேட்டால் யாருடைய காதும் கெடும். விசைத்தறிக் கூடத்தின் இரைச்சல் அதைத் தாண்டும். தறி ஓட்டியே காது மந்தமானவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். ஓடிப்போன குழந்தை சரியாகத்தான் செய்தது. அதேபோல, கம்பெனியில் பசை ஒட்டும் பகுதிப் பக்கம் போனாலே தலை வலிக்கிறது, 'என் உணர்திறன் அப்படி' என்கிறீர்கள். ஷூ ஒட்டும் பசையில் கலந்திருக்கும் கரைப்பான்களின் ஆவி தலைவலியும் தலைச்சுற்றலும் தரக்கூடியது. காற்றோட்டம் போதாத இடத்தில் எல்லோருக்கும்தான் வலிக்கும். நீங்கள் முதலில் உணர்கிறீர்கள், மற்றவர்கள் பழகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஆவியையும் புகையையும் வெளியேற்ற வழி செய்து தருவது தொழிற்சாலையின் சட்டப்பூர்வமான கடமை. இதைச் சுபாவக் கணக்கில் எழுதிவிட்டு நீங்கள் சும்மா இருந்தால், ஒட்டும் பகுதியிலேயே நாளெல்லாம் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கும் சேர்த்து நஷ்டம்.

மாத்திரையும் நூலும்

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி "இந்த வாரத்தோடு மாத்திரையை நிறுத்தலாம் என்றிருக்கிறேன்" என்பதுதான். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென நிறுத்தினால் தலைச்சுற்றல், எரிச்சல், தூக்கக்கேடு, உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு எல்லாம் வரலாம். உங்களைப் போன்ற நுட்பமான உடம்புக்கு அது பெரிய அவஸ்தை. நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடரச் சொல்வது வழக்கம். இல்லாவிட்டால் நோய் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். நிறுத்தும் காலம் வரும்போது மருத்துவரே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்.

"நூல்தான் என்னைக் குணப்படுத்தியது, மாத்திரை இல்லை" என்கிறீர்கள். இரண்டையும் ஏன் எதிரெதிராக நிறுத்த வேண்டும்? லூயிஸ் பூர்ஷ்வா என்ற சிற்பியின் கதை உங்களுக்குப் பிடிக்கும். 1911-ல் பாரிஸில் பிறந்தவர். பழைய சித்திரத் திரைச்சீலைகளைப் பழுது பார்ப்பது அவர் வீட்டுத் தொழில். துணி நைந்துபோன இடங்களில் விடுபட்ட உருவங்களைச் சிறுமியாக இருந்தபோதே வரைந்து கொடுத்தவர். 1932-ல் அம்மாவை இழந்தார். பிற்காலத்தில் தான் உடுத்திய பழைய துணிகளையே தைத்தும் தொங்கவிட்டும் அறை அளவு படைப்புகள் செய்தார். அப்பா இறந்த அதிர்ச்சிக்குப் பின் 1950களின் தொடக்கத்தில் உளப்பகுப்பாய்வு என்ற பேச்சுவழிச் சிகிச்சைக்குப் போகத் தொடங்கியவர், பல பத்தாண்டுகள் அதைத் தொடர்ந்தார். இடையில் சில வருடங்கள் ஒதுங்கியிருந்தாலும், கலையையும் கைவிட்டுவிடவில்லை. 2010-ல் 98 வயதில் இறக்கும்வரை வேலை செய்துகொண்டிருந்தார்.

அறையில் தைத்துவிட்டு வந்த இரவுகளில் மனம் இன்னும் கனத்துப் போகிறது, தப்பாக ஏதோ செய்கிறேனா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 1986-ல் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர், கல்லூரி மாணவர்களைத் தங்கள் வாழ்வின் கடும் துயரத்தைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம், நான்கு நாள் தொடர்ந்து எழுதச் சொன்னார். எழுதி முடித்த கையோடு அவர்கள் இன்னும் சோர்வாகத்தான் இருந்தார்கள். ஆனால் அடுத்த சில மாதங்களில் மருத்துவரைத் தேடிப் போவது குறைந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் இந்தப் பலன் சிறியதுதான் என்று காட்டின, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு: அந்த மாணவர்கள் எழுதியது எங்கும் காட்சிக்கு வைக்கப்படவில்லை. தைத்ததால் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய நன்மை, தைத்தபோதே கிடைக்கத் தொடங்கிவிட்டது. வேலூர்க் காட்சி அதற்கு மேல் வருவது. அது நடந்தாலும் நடக்காவிட்டாலும், நீங்கள் குணமாவது அதை நம்பி இல்லை.

கனம் ஒரு இரவோடு இறங்காமல் நாட்கணக்கில் நீடித்தால், அல்லது வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால், உடனே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. கணவரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. வேலூர் பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில் குடும்பத்தாரும் கூடவே தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது பல பத்தாண்டுகளாக உள்ள வழக்கம். அவர் 'பைத்தியக்கார வேலை' என்று சொல்வதில் பயமும் கலந்திருக்கலாம். மருத்துவர் எதிரில் உட்கார்ந்து கேட்டால் அவருக்கும் புரியும்.

அண்ணன் சொல்வதில் உள்ள நியாயம்

இங்கே உங்களுக்குப் பிடிக்காததைச் சொல்லப் போகிறேன். அம்மாவின் புடவை மகளுக்குத்தான் என்பது நம் வீடுகளில் உள்ள வழக்கம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் உடைமைகள் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் சமமாகப் போகும். அப்பாவும் இல்லாத நிலையில் அண்ணனுக்கும் உங்களுக்கும் சரிபாதி. புடவைக்காக யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை, தெரியும். ஆனாலும் 'அவருக்கு என்ன உரிமை' என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். அந்த ஆரணிப் பட்டு, அம்மாவின் கல்யாணப் புடவை, அதை வெட்டலாமா என்று யோசிப்பதாக எழுதியிருக்கிறீர்களே, அதை வெட்டாதீர்கள். அண்ணனிடமே கொடுத்து வைக்கச் சொல்லலாம். வேண்டாம் என்றால் அவர் மகளுக்கென்று எடுத்து வையுங்கள். மற்ற நூல் புடவைகளில் எதைத் தொங்கவிடலாம் என்று அவரையே கேட்டுத் தேர்ந்தெடுத்தால், அவரும் அந்த அறைக்குள் வந்தவர் ஆகிறார்.

அப்பாவைப் பற்றிய சொற்கள்தான் உண்மையான சிக்கல். அடி வாங்கியது அம்மா. பார்த்தது நீங்கள் இருவரும். சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். இத்தனை வருட மௌனத்தைக் காப்பாற்றியது யாருக்காக என்ற உங்கள் கேள்வி மிகச் சரியானது. ஆனால் அண்ணன் அந்த இரவுகளை வேறு விதமாகச் சுமந்துகொண்டிருக்கலாம். தடுக்க முடியாத ஆண் பிள்ளையாக அவர் அங்கே நின்றிருந்தார். அவருடைய கோபத்தில் வெட்கமும் சேர்ந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எதைத் தைப்பது என்பதும் எதைக் காட்டுவது என்பதும் இரண்டு தனி முடிவுகள். கடிதம் முழுவதும் இவற்றை ஒன்றாகவே நினைத்து எழுதுகிறீர்கள். எல்லாவற்றையும் காட்டாவிட்டால் பொய் ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்கள். பூர்ஷ்வா தன் அப்பாவின் துரோகத்தைப் பற்றிப் பொதுவில் பேசியது 1982-ல், 70 வயதில். அதற்கு முன் செய்த சிற்பங்களில் பொய் இருக்கவில்லை. நம் நாட்டுச் சிற்பி மிருணாளினி முகர்ஜியைப் பாருங்கள். 1949-ல் பிறந்து 2015-ல் மறைந்தவர். சணல் போன்ற நார்க்கயிற்றைக் கையாலேயே முடிச்சுப் போட்டு ஆள் உயரத்துக்கும் மேலான உருவங்களைச் செய்தார். அவற்றில் ஒரு சொல் கிடையாது, குடும்பக் கதை கிடையாது. முன்னால் நிற்பவருக்கு உடம்பு சிலிர்க்கும். உங்கள் முடிச்சுகளுக்கும் அந்த வலு இருக்கிறது. புகைப்படங்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஒரு யோசனை சொல்கிறேன், எடுத்துக்கொள்வது உங்கள் இஷ்டம். அப்பாவைப் பற்றிய வரிகள் உள்ள புடவைகளை அந்த வரிகள் உள்ளே போகும்படி மடித்து, ஓரத்தைத் தைத்து மூடிவிடுங்கள். தையலின் பின்பக்க நூல் ஓட்டம் மட்டும் வெளியே தெரியும், எழுத்து தெரியாது. உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்களுக்கும் அண்ணனுக்கும் தெரியும். பிரிக்கும் நாளை நீங்கள் இருவரும் தீர்மானிக்கலாம், தீர்மானிக்காமலும் போகலாம்.

வேலையைப் பற்றி

விடாதீர்கள். குழுக் கடன் இன்னும் அடையவில்லை, மகள் பத்தாம் வகுப்பு. ஓர் அறையையே படைப்பாக்கும் நிறுவல் கலையை விலைக்கு வாங்கிப் போகிறவர்கள் மிகக் குறைவு. அதை நம்பிக் குடும்பம் நடத்தப் போனால் நீங்கள் போடும் ஒவ்வொரு முடிச்சும் பணக் கணக்காகிவிடும். அலுவலகத்தில் மேசையை ஒட்டும் பகுதியிலிருந்து தள்ளிப் போடச் சொல்லிக் கேளுங்கள், எழுத்திலேயே கேளுங்கள். அது முதல் வேலை.

நீங்கள் மாறிவிட்டீர்களா?

'நான் புது ஆள்' என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மாற்றத்தை நான் நம்புகிறேன், ஆனால் நீங்கள் காட்டிய இடத்தில் அதை நான் பார்க்கவில்லை. கடிதத்தின் ஆறாவது பக்கத்தில், போகிற போக்கில் ஒன்று சொல்கிறீர்கள். கொழுந்தனார் கல்யாணத்தில் ஸ்பீக்கர் அலறியபோது எழுந்து வெளியே போய், ஒரு மணி நேரம் கோயில் திண்ணையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தேன், யாரிடமும் காரணம் சொல்லவில்லை என்று. பழைய நீங்கள் அங்கேயே உட்கார்ந்து தலைவலியோடு சிரித்துக்கொண்டிருப்பீர்கள், அல்லது அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருப்பீர்கள். இந்த முறை உங்களுக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு பந்திக்குத் திரும்பி வந்தீர்கள். சின்ன விஷயம் என்று தள்ளாதீர்கள். இப்படிப்பட்டவை கூடிக்கொண்டே போகின்றனவா என்று கவனியுங்கள். நடுவில் பழையபடி அழும் நாட்களும் வரும், திவசம் நெருங்கும்போது கட்டாயம் வரும். அதனால் எல்லாம் போயிற்று என்று ஆகிவிடாது. உணர்திறனும் குறையப் போவதில்லை, குறைய வேண்டியதும் இல்லை.

காட்சிக்கு வைப்பதென்றால்

எனக்கு ஆசைதான், வைக்க வேண்டும் என்று. ஆனால் சித்திரையில் வேண்டாம். வேலூர் வெயிலில், மின்விசிறிகள் இரைச்சல் போடும் மண்டபத்தில், ஒரு வாரம் முழுக்கக் கூட்டத்தோடு நிற்பது உங்கள் உடம்புக்கு ஆகாது. மூன்று நாள் போதும். நீங்கள் காலையில் ஒரு மணி நேரம் இருந்தால் போதும், மீதி நேரம் ஆசிரியரின் மாணவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பார்வையாளர்களின் குறிப்பேட்டை அங்கேயே படிக்காதீர்கள். வீட்டுக்கு எடுத்து வந்து, நம்பிக்கையான ஒருவரோடு உட்கார்ந்து படியுங்கள். 'இவங்களுக்கு என்ன ஆச்சு?' என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். 'எங்க அம்மா தார் சுத்தினாங்க, இது அவங்க புடவை' என்று சொன்னால் போதும். அதற்கு மேல் யாருக்கும் நீங்கள் பதில் கடன்படவில்லை.

நூலும் பழைய பருத்தியும் சட்டென்று பற்றிக்கொள்ளும். சூடாகும் பல்புகள் பக்கத்தில் இருக்கக் கூடாது, எல்.இ.டி. விளக்கு மட்டும், அதுவும் துணியிலிருந்து தள்ளி. இரும்பு ஊசியில் குத்தித் தொங்கவிட்டால் துருக் கறை படியும். புடவையின் மேல் ஓரத்தில் கெட்டித் துணிப்பட்டை தைத்து, அதற்குள் கழியைச் செருகித் தொங்கவிட்டால் நைந்த இடங்கள் கிழியாது. உங்கள் கணவர் எலக்ட்ரீசியன் என்று எழுதியிருக்கிறீர்கள். விளக்கும் கொக்கியும் அவர் பொறுப்பு என்று கொடுத்துப் பாருங்கள். படைப்பைப் பற்றி அவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், எத்தனை வாட், கூரை எவ்வளவு எடை தாங்கும் என்று கேளுங்கள்.

ஆசிரியர் நல்லவராகவே இருக்கட்டும், ஒரு பக்கத்தில் எழுதி வாங்குங்கள்: எத்தனை நாள், சேதமானால் யார் பொறுப்பு, புகைப்படம் யார் எடுக்கலாம், உங்கள் பெயர் போடுவதா வேண்டாமா, பாதியில் வேண்டாம் என்று தோன்றினால் எடுத்துக்கொள்ளும் உரிமை. 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி கலைப்படைப்பின் உரிமை அதைச் செய்தவருக்கு உரியது. பதிவு செய்தால்தான் உண்டு என்பதில்லை. உங்களைக் கேட்காமல் அதை வெட்டி ஒட்டி மாற்றவும் யாருக்கும் உரிமை கிடையாது.

இப்போதைக்கு வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். இந்த வாரம் மருத்துவரைப் பார்த்து, மாத்திரையை நிறுத்த நினைத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்து அண்ணன் வீட்டுக்குப் பட்டுப் புடவையோடு போய் வாருங்கள். முதல் முறையே எல்லாம் பேசி முடிய வேண்டும் என்றில்லை. இந்த இரண்டும் ஆகும்வரை ஓவிய ஆசிரியரிடம், "சித்திரை வேண்டாம் சார், தை மாசம் வைக்கலாமா?" என்று மட்டும் கேட்டு வையுங்கள்.